கறுப்பு மையும் கார்ன்வால் கதைகளும்

(பழைய மாணவியர் இருவர்)



ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதி அனுப்புங்கள் என்று சிஸ்டர் கேட்டபோது, செவிலியர் பணியின் மேன்மையைப் பற்றித்தான் எழுதுவோம் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். அதை எழுத எங்களைவிடத் தகுதியுள்ளவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நாங்கள் எழுத வந்திருப்பதோ சூனியக்காரிகளைப் பற்றி! பதறவேண்டாம், சிஸ்டர். கடைசிவரை படித்துவிட்டுப் பிறகு கத்தரியுங்கள்.

நாங்கள் இருவரும் 1983-ஆம் ஆண்டு எட்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். பிறகு ஒரே இடத்தில் செவிலியர் பயிற்சி பெற்றோம். 2002-ஆம் ஆண்டு ஒரே விமானத்தில் இங்கிலாந்துக்கு வந்தோம். இப்போது கார்ன்வால் என்னும் மேற்குக் கோடி மாவட்டத்தில் வேலை பார்க்கிறோம். தேசப் படத்தில் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையைப் பாருங்கள். கடலுக்குள் கால் நீட்டினாற்போல் ஒரு நிலம் தெரியும். அதுதான் கார்ன்வால். அதன் நுனிக்கு 'நிலத்தின் முடிவு' என்றே பெயர். நம் கன்னியாகுமரி முனையில் நின்றவர்களுக்கு அந்தக் காற்றும் அலையும் புதிதல்ல. குளிர்தான் புதிது!

குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் சன்னலுக்கு வெளியே கரும்பலகை மாட்டினாற்போல் இருக்கும். அந்த இருட்டைக் கழிக்க ஊர் மன்றத்தில் நடந்த ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தோம். லினோ அச்சுப்படம் செய்யும் வகுப்பு. எங்கள் ஆசிரியை எழுபது வயதைக் கடந்த மூதாட்டி. கார்ன்வால் நாட்டுக் கதைகளையே படமாகச் செதுக்குபவர். கடற்கன்னி, சுரங்கத்துக் குள்ளர், கல்லாகிப்போன பெண்கள், மூலிகைக்காரிகள், சூனியக்காரிகள் என்று அவர் வீட்டுச் சுவர் முழுவதும் கறுப்பும் வெள்ளையுமாகத் தொங்கும். அவற்றை ஊர்ச் சந்தையிலும் விற்பார்.

இந்தச் செய்தியைத் தொலைபேசியில் சொன்னதும் எங்களில் ஒருத்தியின் அம்மா கேட்டது இதுதான்: "சூனியக்காரி படமா? மாதா படம் இருக்கிற வீட்டிலேயா மாட்டப்போறீங்க? அங்கே போய் இதைத்தான் படிச்சீங்களா?" அப்போது எங்களிடம் பதில் இல்லை.

முதலில் இந்தக் கலையைப் பற்றிச் சொல்லவேண்டும். லினோலியம் என்பது தரையில் விரிக்கும் ஒரு விரிப்பு. ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து, சணல் துணியின்மேல் பூசிச் செய்வார்கள். பிரெடரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் 1863-ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். மரத்தைப்போல் அதில் நார் ஓடுவதில்லை. எந்தத் திசையிலும் உளி வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் குளிரில் இறுகிவிடும். எனவே வகுப்பு தொடங்குமுன் கால் மணி நேரம் எல்லோரும் தத்தம் லினோத் துண்டின்மேல் உட்கார்ந்திருப்போம்! கோழி அடைகாப்பதைப்போல் பத்துப் பன்னிரண்டு பெண்கள் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அந்தக் காட்சியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

சூடேறியபின் உளி எடுக்கவேண்டும். மெல்லிய கோட்டுக்குக் கூர்முனை உளி. அகலமாகத் தோண்ட வளைந்த வாயுடைய உளி. இடது கையை ஒருபோதும் உளியின் முன்னே வைக்கக்கூடாது. வைத்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் இருவர் விரல்களும் சொல்லும். செதுக்கி எடுத்த இடம் வெள்ளையாக வரும். விட்ட இடம் கறுப்பாக வரும். இதுதான் முதலில் மனத்தில் ஏறவில்லை. காகிதத்தில் வரையும்போது கறுப்பைச் சேர்க்கிறோம். இங்கே வெளிச்சத்தைத் தோண்டி எடுக்கிறோம். ஒருமுறை தோண்டியதை மறுபடி ஒட்டமுடியாது. அழிரப்பர் இல்லாத கலை!

பிறகு கண்ணாடித் தகட்டில் மையை உருளையால் உருட்டவேண்டும். பதம் வந்துவிட்டால் உருளை 'ஸ்ஸ்...' என்று மெல்லச் சீறும். அப்பம் சுடும் கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல. லினோவில் மை தடவி, மெல்லிய காகிதத்தை மேலே விரித்து, மரக்கரண்டியின் முதுகால் பொறுமையாகத் தேய்த்து, ஒரு மூலையைப் பிடித்து உரிக்கவேண்டும். படம் இடவலம் மாறி வரும். எழுத்துக்களைத் தலைகீழாகச் செதுக்கத் தெரியாமல் எங்கள் முதல் படத்தில் பெயர் கண்ணாடியில் தெரிவதுபோல் வந்தது. நம் பள்ளி ஓவிய வகுப்பில் வெண்டைக்காயை நறுக்கி, வண்ணத்தில் தோய்த்து, நோட்டில் பூப்பூவாக அச்சுக் குத்தினோமே, அதன் பெரிய அக்காள்தான் இந்தக் கலை என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் பன்னிரண்டு எடுத்தால் ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் 1/12, 2/12 என்று எண் போடவேண்டும். நடுவில் படத்தின் பெயர். வலப்பக்கம் கையொப்பம். அந்தப் பென்சில் எழுத்தைப் பற்றிக் கடைசியில் மறுபடி சொல்லுவோம்.

நாங்கள் முதலில் செதுக்கியது ஸென்னர் என்னும் சிற்றூரின் கடற்கன்னி. அவ்வூரில் புனித செனாரா பெயரால் ஒரு பழைய கோயில் இருக்கிறது. உள்ளே 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மர இருக்கை ஒன்று. அதன் பக்கப் பலகையில் கடற்கன்னி ஒருத்தி, ஒரு கையில் சீப்பும் மறு கையில் கண்ணாடியுமாகச் செதுக்கப்பட்டிருக்கிறாள். கோயிலில் பாடிய மேத்தி ட்ரெவெல்லா என்ற இளைஞனின் குரலில் மயங்கி அவள் கரைக்கு வந்தாள் என்றும், அவனும் அவள் பின்னே கடலுக்குள் போனான் என்றும், அமைதியான இரவில் இன்றும் அலைக்கு அடியில் அவன் பாட்டுக் கேட்கும் என்றும் ஊரார் சொல்லுவார்கள். பாடற்குழுவில் இருக்கும் தங்கைகளே, எச்சரிக்கை!

அடுத்தது நாக்கர்கள். கார்ன்வால் முழுவதும் வெள்ளீயச் சுரங்கங்கள் இருந்தன. பூமிக்கு அடியில் குள்ளமான சிறு தெய்வங்கள் சுத்தியலால் தட்டும் ஓசை கேட்கும் என்று சுரங்கத் தொழிலாளர் நம்பினார்கள். தட்டும் திசையில் நல்ல தாது கிடைக்கும். சில வேளை பாறை சரியப்போகிறது என்னும் எச்சரிக்கையாகவும் இருக்கும். ஆகையால் தாங்கள் உண்ணும் பேஸ்டியில், அதாவது இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட பெரிய சோமாசியில், ஒரு துண்டை அந்தக் குள்ளர்களுக்கென்று விட்டுவைப்பார்கள். இந்தச் சுரங்கங்கள் நொடித்தபோது கார்ன்வால் தொழிலாளர் உலகெங்கும் போனார்கள். கோலார் தங்கவயலுக்கும் வந்தார்கள். எங்களில் ஒருத்தியின் தாத்தா அங்கே சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கார்ன்வாலின் கடைசி வெள்ளீயச் சுரங்கம் 1998-இலும், கோலார்ச் சுரங்கம் 2001-இலும் மூடப்பட்டன. நாக்கர் படத்தைச் செதுக்கும்போது குள்ளனின் தலையில் தாத்தாவின் தலைப்பாகையைக் கட்டிவிட்டோம். ஆசிரியை அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமையில் நடனமாடியதால் கல்லாகிப்போன பத்தொன்பது பெண்களையும் செதுக்கினோம். லமோர்னாவுக்கு அருகே வயலில் வட்டமாக நிற்கும் அந்தக் கற்கள் கிறிஸ்து பிறப்பதற்குப் பன்னெடுங்காலம் முன்பே நடப்பட்டவை. கதை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. மாட்ரன் என்னும் ஊரில் ஒரு புனிதக் கிணறு. நோய் தீர வேண்டி அருகிலுள்ள மரக்கிளைகளில் துணிக் கிழிசலைக் கட்டுகிறார்கள். வேளாங்கண்ணியில் மஞ்சள் கயிறு கட்டியவர்களுக்கு அதை விளக்கவேண்டியதில்லை.

இப்படி விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை ஆசிரியை வகுப்பு முழுவதையும் வடக்குக் கரையிலுள்ள பாஸ்காசில் துறைமுகத்துக்கு அழைத்துப்போனார். அங்கே சூனியத்துக்கென்றே ஓர் அருட்காட்சியகம்... மன்னிக்கவும், அருங்காட்சியகம்! செசில் வில்லியம்சன் என்பவர் 1960-ஆம் ஆண்டு அதை அங்கே நிறுவினார். 2004 ஆகஸ்டு 16-ஆம் நாள் திடீரென்று வந்த பெருவெள்ளத்தில் ஊரே மிதந்தது. அருங்காட்சியகத்துக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. பிறகு சுத்தம் செய்து மறுபடி திறந்தார்கள். உள்ளே போகுமுன் எங்கள் கை தானாகவே சிலுவை அடையாளம் போட்டது. ஆனால் உள்ளே பயப்படும்படி அதிகமில்லை. பாவமாகத்தான் இருந்தது. பால் கெடாதிருக்க ஒரு கல். கடலுக்குப் போன மகன் திரும்பிவர ஒரு முடிச்சுக் கயிறு. வைத்தியருக்குக் காசில்லாதவர்களின் பெட்டகம் என்றே அதைச் சொல்லலாம்.

முன்பு அங்கே ஒரு பெண்ணின் எலும்புக்கூடும் காட்சிக்கு இருந்ததாம். ஜோன் விட் என்பது அவள் பெயர் என்றும், பாட்மின் சிறையில் 1813-இல் இறந்தாள் என்றும் சொல்லிவந்தார்கள். நெடுங்காலம் பார்வையாளர்கள் காசு கொடுத்து அவளைப் பார்த்தார்கள். புதிதாகப் பொறுப்பேற்ற கிரகாம் கிங் என்பவருக்கு அது பொறுக்கவில்லை. 1998-இல் அருகிலுள்ள காட்டோரமாக அவளை அடக்கம் செய்தார். இனி யாரும் அவளை இழிவுசெய்ய முடியாது என்னும் பொருள்பட ஒரு கல்லும் நாட்டப்பட்டிருக்கிறது. மழைத் தூறலில் அந்தக் கல்லின் முன் நின்று ஒரு 'நித்திய இளைப்பாற்றி' சொன்னோம். உடன் வந்த ஆங்கிலப் பெண்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள்.

ஆனால் அன்று எங்களை உலுக்கியது அதுவல்ல. ஒரு சுவரில் பழைய அச்சுப்படங்கள் இருந்தன. கூனல் முதுகு, வளைந்த மூக்கு, கூம்புத் தொப்பி, துடைப்பம், பக்கத்தில் ஒரு பூனை. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாற்பது ஆண்டுகளுக்குமுன் நம் பள்ளியில் நாங்கள் வரைந்த அதே படம்!

அதைச் சொல்லுமுன் இந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்லிவிடுகிறோம். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் சூனியம் ஒரு குற்றம். நம் திருநூலின் விடுதலைப் பயணம் 22-ஆம் அதிகாரத்து வசனம் ஒன்றை எடுத்துக்காட்டி, ஏழைக் கிழவிகளைத் தூக்கிலிட்டார்கள். பக்கத்து மாவட்டமான டெவனில் பைட்ஃபோர்டு என்ற ஊரைச் சேர்ந்த மூன்று பெண்கள் 1682-இல் தூக்கிலிடப்பட்டார்கள். இங்கிலாந்தில் இக்குற்றத்துக்காகக் கடைசியாக உயிரிழந்தவர்களுள் அவர்களும் உண்டு. 1736-இல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. பல வழக்குகள் முடிந்தவுடன் நகரத்து அச்சகத்தில் மலிவான விலையில் சிறு நூலோ பாட்டுத் தாளோ வெளிவரும். மேலே மரக்கட்டையில் செதுக்கிய ஒரு படம். செதுக்கியவன் அந்தக் கிழவியைப் பார்த்திருக்கவே மாட்டான். ஒரு கட்டை செதுக்கிவிட்டால் அதையே அடுத்த வழக்குக்கும், அதற்கடுத்த வழக்குக்கும் போட்டு அச்சிடுவார்கள். பெயர் மாறும், முகம் மாறாது. எல்லாக் கிழவிக்கும் ஒரே மூக்கு! அந்த மூக்குத்தான் கப்பலேறி, கதைப் புத்தகமேறி, நம் பள்ளி நூலக அலமாரி வரைக்கும் வந்து சேர்ந்தது.

(இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிடாமல் போக மனமில்லை. அதே காலத்தில் நம் திருச்சபையாரும் அங்கே ஒளிந்துதான் வாழ்ந்தார்கள். புனித கத்பர்ட் மெய்ன் என்னும் குரு கார்ன்வாலில் ஒரு பண்ணைக் காரியக்காரர்போல் வேடமிட்டுப் பூசை செய்துவந்தார். அவர் கழுத்திலிருந்த 'ஆட்டுக்குட்டி' மெழுகுப் பதக்கமும், பாப்பரசரின் ஆணை அச்சிட்ட ஒரு தாளும் பிடிபட்டன. 1577 நவம்பர் மாதம் லான்செஸ்டனில் அவரைக் கொன்றார்கள். 1970-இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். ஒரு பதக்கமும் ஒரு தாளும் ஒருவரைத் தூக்குமேடைக்கு அனுப்பமுடியும் என்பது நமக்கும் தெரிந்த கதைதான்.)

அடுத்த வாரம் வகுப்பில் எல்லோரும் ஆளுக்கொரு கதையைத் தேர்ந்தெடுத்துப் பெரிய படம் செய்யவேண்டும். ஊர் மன்றத்தில் கண்காட்சி. எங்களுக்கு வாய்த்தது ஆன் ஜெஃப்ரீஸ். தங்கைகளே, இவளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகக் கேளுங்கள். இவளும் உங்களைப்போல் சிறு பெண்தான்.

செயின்ட் டெத் என்னும் ஊரில் 1626-இல் பிறந்த ஏழைப் பெண் ஆன். பிட் என்பவர் வீட்டில் வேலைக்காரியாக இருந்தாள். 1645-இல், பத்தொன்பது வயதில், ஒருநாள் தோட்டத்துப் பந்தலில் உட்கார்ந்து பின்னல் பின்னிக்கொண்டிருந்தபோது, பச்சை உடுத்த ஆறு குட்டி மனிதர் வேலி தாண்டி வந்தார்களாம். அவள் வலிப்பு வந்து விழுந்தாள். நெடுநாள் படுக்கையில் கிடந்தாள். (செவிலியராகிய நாங்கள் இவ்விடத்தில் எங்களுக்குள் வேறு பேசிக்கொண்டோம், அது இருக்கட்டும்.) எழுந்தபின் அவள் கை பட்டால் நோய் தீர்கிறது என்று பேச்சு எழுந்தது. முதலில் வீட்டு எசமானியின் அடிபட்ட கால். பிறகு ஊர் ஊராக மக்கள் வரத் தொடங்கினார்கள். அவள் ஒரு காசும் வாங்கவில்லை. அந்த வீட்டு உணவையும் தொடாமல், குட்டி மனிதர் ஊட்டுவதாகச் சொன்னாள். போதகர்கள் வந்து அவை கெட்ட ஆவிகள் என்று எச்சரித்தார்கள். 1646-இல் ஜான் ட்ரெகேகில் என்ற நீதிபதி அவளைப் பிடித்துப் பாட்மின் சிறையில் அடைத்தார். உணவு கொடுக்கவேண்டாம் என்று உத்தரவு. சாப்பிடாமல் இருப்பவள்தானே, பார்ப்போம் என்று! எப்படியோ பிழைத்தாள். பிறகு விடுதலையாகி, ஒரு கூலித் தொழிலாளியை மணந்து, சத்தமில்லாமல் வாழ்ந்தாள்.

அந்த வீட்டில் அப்போது சிறுவனாக இருந்த மோசஸ் பிட், பிற்காலத்தில் இலண்டனில் புத்தகம் வெளியிடுபவரானார். 1693-இல் தம் உறவினர் ஒருவரை அவளிடம் அனுப்பி, அன்று நடந்ததைச் சொல்லும்படி கேட்டார். ஆன் மறுத்துவிட்டாள். சொன்னால் அவர் புத்தகமாகவோ பாட்டாகவோ அச்சிட்டுவிடுவார். ஐந்நூறு பவுன் கொடுத்தாலும் என் பெயர் அப்படி நாடெங்கும் பரவ நான் சம்மதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அந்நாளில் ஒரு கூலிக்காரனுக்கு அது மிகப் பெரிய பணம். மோசஸ் பிட் என்ன செய்தார் தெரியுமா? 1696-இல் தமக்குத் தெரிந்ததையெல்லாம், அவள் மறுத்ததையும் சேர்த்து, அச்சிட்டுவிட்டார்!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ட்ரெகேகில் என்ற பெயர் கார்ன்வால் கதைகளில் ஒரு பேயின் பெயராக நிலைத்துவிட்டது. அநீதி செய்த குற்றத்துக்காக, டோஸ்மரி என்னும் குளத்தை ஓட்டைச் சிப்பியால் இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பது அந்தப் பேய்க்குத் தண்டனை. காற்று ஊளையிட்டால் ட்ரெகேகில் அழுகிறான் என்பார்கள். சிறை வைத்தவர் பேரில் பேய்க்கதை கட்டிய மக்களை நாங்கள் மனதாரப் பாராட்டினோம்.

ஆனால் ஆனை எப்படிச் செதுக்குவது? லினோவில் பென்சிலால் அவள் முகத்தை வரைந்தோம். அழித்தோம். மறுபடி வரைந்தோம். என் பெயரைப் பரப்பாதே என்று சொன்னவளை, பன்னிரண்டு பிரதி எடுத்துச் சந்தையில் தொங்கவிடலாமா? ஒருத்தி, "முந்நூறு வருஷம் ஆச்சு, இனி யாருக்கு என்ன?" என்றாள். மற்றவள், "அந்த எலும்புக்கூட்டையும் அப்படித்தானே சொல்லிக் காட்டினார்கள்" என்றாள். நட்பில் விரிசல் வரும் அளவுக்கு விவாதம். இரண்டு நாள் தனித்தனியாகப் பஸ் ஏறி வேலைக்குப் போனோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஆனைச் செதுக்கவில்லை. தோட்டத்துப் பந்தல், காலியான பெஞ்சு, அதன்மேல் பாதியில் விட்ட பின்னல், அதிலிருந்து உருண்டுபோன நூற்கண்டு, இவ்வளவுதான் செதுக்கினோம். அடியில் பெயரும் எழுதவில்லை. கண்காட்சிக்கு வந்த ஒருவர், "இதில் சூனியக்காரி எங்கே?" என்று கேட்டார். ஆசிரியை, "வீட்டுக்குப் போய்விட்டாள்" என்றார்.

இப்போது நம் பள்ளிக் கதை.

1983-இல் பள்ளி வாயிற்கதவுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் ஒரு பாட்டி கூடை வைத்து உட்கார்ந்திருப்பார். இலந்தைப்பழம், நெல்லிக்காய், கொடுக்காப்புளி, மாங்காய்க் கீற்று. பத்துப் பைசாவுக்குக் கை நிறையத் தருவார். ஒரு கண் வெள்ளையாக இருக்கும். அந்தக் கண்ணால் பார்த்தால் பரீட்சையில் தோல்வி என்று எங்கள் வகுப்பில் ஒரு பேச்சு. எங்களில் ஒருத்தி காலாண்டுத் தேர்வில் கணக்கில் 28 வாங்கினாள். படிக்காமல் போனதுதான் காரணம். ஆனால் பாட்டிமேல் பழி போடுவது எளிதாக இருந்தது. ஓவிய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தோம். ஒருத்தி படம் வரைந்தாள்: கூனல் முதுகு, வளைந்த மூக்கு, கூம்புத் தொப்பி, துடைப்பம், பூனை. நம் ஊரில் எந்தக் கிழவி கூம்புத் தொப்பி வைத்தாள்? நூலகப் புத்தகத்தைப் பார்த்து வரைந்ததுதான். ஒரு கண்ணை மட்டும் வெள்ளையாக விட்டாள். மற்றவள் அடியில் கொட்டை எழுத்தில் 'சூனியக்காரி' என்று எழுதினாள். யார் எதைச் செய்தது என்று சொல்லமாட்டோம். இருவரும் சேர்ந்துதான் செய்தோம்.

தாள் பெஞ்சு பெஞ்சாகப் போயிற்று. சிஸ்டர் கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாலையில் யாரோ அதைப் பாட்டியின் கூடையில் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலை நாங்கள் வாயிலைத் தாண்டும்போது பாட்டி கூப்பிட்டார். மடியிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தார்.

"பாப்பா, யாரோ என்னைப் படம் எழுதியிருக்காங்க. கீழே என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்கம்மா."

நாங்கள் இருவரும் விழித்தோம். பிறகு ஒருத்தி சொன்னாள்: "உங்க பேருதான் பாட்டி."

பாட்டியின் முகம் மலர்ந்தது. "எம் பேரு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டார். எங்களுக்கு அவர் பெயர் தெரியாது. மணி அடித்துவிட்டது என்று ஓடிவிட்டோம். அவர் பின்னாலேயே கூப்பிட்டு, எங்கள் கை நிறைய இலந்தைப்பழம் அள்ளிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அந்தத் தாளை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டு சூன் மாதம் பள்ளி திறந்தபோது வேப்பமரத்தடி காலியாக இருந்தது. நாங்கள் யாரிடமும் விசாரிக்கவில்லை. எங்காவது யாரிடமாவது அந்தத் தாளைக் காட்டி, இதுதான் என் பெயர் என்று அவர் சொல்லியிருந்தால்? வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசித்துக் காட்டியிருந்தால்? இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னோம், மன்னிப்பும் பெற்றோம். ஆனால் பாட்டியிடம் சொல்லவில்லை.

அந்த வெள்ளைக் கண் வெறும் கண்புரை. இன்று நாங்கள் பார்க்கும் வேலையில் தினந்தோறும் அதைப் பார்க்கிறோம். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் அறுவைச் சிகிச்சை. மறுநாள் கட்டை அவிழ்த்தால் வாசிக்கலாம்; வாசிக்கத் தெரிந்தவர்கள்.

கண்காட்சி முடிந்தபின் ஒரு லினோத் துண்டு மிச்சம் இருந்தது. அதில் பாட்டியைச் செதுக்கினோம். ஆன் விஷயத்தில் சண்டை போட்டதுபோல் இதில் போடவில்லை. ஆன் தன் படமும் பெயரும் வேண்டாம் என்றாள். பாட்டியோ தம் படமும் பெயரும் இருக்கிறதென்று எண்ணி மகிழ்ந்து, பையில் வைத்துக்கொண்டவர். வேப்பமரம், கூடை, காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் விதம், காதில் தொங்கும் பாம்படம் எல்லாம் இருவருக்கும் நினைவிருந்தது. மூக்கு நேரான மூக்குத்தான். அதை இப்போதுதான் நினைத்துப் பார்த்தோம். அந்தக் கண்ணை என்ன செய்வது என்று மட்டும் வெகுநேரம் யோசித்தோம். கறுப்பாக விட்டுவிடலாமா? பிறகு மிக மெல்லிய உளியை எடுத்து, ஒரே ஒரு சிறு கீறல், வெள்ளையாக. அது இருந்தபடியே இருக்கட்டும் என்று செய்தோம். ஆறு பிரதிகள் எடுத்தோம். முதல் பிரதியை அம்மாவுக்கு அனுப்பினோம். மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பதாகக் கடிதம் வந்தது.

இரண்டாம் பிரதியை இக்கட்டுரையுடன் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறோம். சிஸ்டர் விரும்பினால் நூலகத்தில் மாட்டலாம். அடியில் இடப்பக்கம் 2/6 என்று எண் இருக்கும். வலப்பக்கம் எங்கள் இருவர் கையொப்பமும் இருக்கும். நடுவில் பெயர் எழுதும் இடம் காலியாக இருக்கும். 1983-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் பள்ளி வாயிலில் இலந்தைப்பழம் விற்ற பாட்டியை உங்கள் தாயாரோ, பாட்டியாரோ, பழைய ஆயாமார்களோ அறிந்திருந்தால், அவருடைய பெயரைத் தயவுசெய்து சிஸ்டரிடம் தெரிவியுங்கள். நல்ல கையெழுத்துள்ள எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அந்த இடத்தில் அதை எழுதட்டும். பென்சிலால்தான் எழுதவேண்டும்.